சிவப்புக்குக் கீழே நீலம்

எங்கள் ஊரில் ஒரு வண்டி யாருக்குச் சொந்தம் என்பதை அதன்மேல் தெரிகிற பெயின்ட் முடிவு செய்கிறது. மேலே எந்தப் பூச்சு இருக்கிறதோ, அதை அடிக்கச் சொன்னவர்தான் சொந்தக்காரர். அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தால், அடியில் இருக்கும் பூச்சுக்காரரிடம் வண்டி திரும்பிப் போய்விடும். அவருக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை, போன் போட வேண்டியதும் இல்லை. அரை மணி நேரத்துக்குள் தானாகவே வந்து பட்டறை வாசலில் நிற்பார். இறந்துபோனவர்கள் மட்டும் சற்றுத் தாமதமாக வருவார்கள்.

வருகிறவர்கள் அந்தப் பூச்சு மேலே இருந்த காலத்து மனசோடு வருவார்கள். வயசு இன்றைய வயசுதான், முழங்கால் வலியும் இன்றைய வலிதான். கவலைகள் மட்டும் அன்றைக்குரியவை. போன வருஷம் ஒரு பழைய ஜீப்பில் பச்சையைச் சுரண்டியபோது வந்தவர், பெண் வீட்டார் தன்னை ஏற்றுக்கொள்வார்களா என்று என்னிடம் ஒரு மணி நேரம் புலம்பினார். நடுவில் அவருடைய மனைவி வந்து அவருக்கு மோர் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சென்னியப்பன். கோயம்புத்தூரில் சிங்காநல்லூர் குளத்துக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷமாக டிங்கரிங், பெயின்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தனி ஆள். வேலைக்கு நிற்கும் வண்டியின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வசந்தாமணி கையைக் கட்டிக்கொண்டு நின்று பேசினார் என்பதால் முதல் நாளே அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

அவர் கொண்டுவந்தது இத்தாலியில் செய்த கார். இரண்டே சீட்டு. கூரை துணியால் ஆனது, வேண்டாதபோது மடித்துப் பின்னால் போட்டுவிடலாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் கொச்சியில் கப்பலிலிருந்து இறங்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியாக எங்கள் ஊருக்கு வந்த வண்டி. இப்போது சிவப்பு நிறத்தில் இருந்தது. சிவப்பு என்பது பொறுமை இல்லாதவர்கள் தேர்ந்தெடுக்கும் நிறம் என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதை நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. தரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. வருகிற வழியில் வசந்தாமணியின் இடது செருப்பு அந்த ஓட்டை வழியாக ரோட்டில் விழுந்துவிட்டது. ஒரு காலில் மட்டும் செருப்போடுதான் பட்டறைக்குள் வந்தார்.

துருவை எடுக்க வேண்டுமென்றால் வெறும் தகரம்வரை போக வேண்டும், மேலே இருக்கிற எல்லாப் பூச்சையும் எடுத்தாக வேண்டும் என்றேன். கதவின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்த்தேன். சிவப்புக்குக் கீழே நீலம், அதற்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளரிப் பிஞ்சு நிறத்தில் ஒரு பச்சை இருந்தது.

நீலத்தைப் பார்த்ததும் வசந்தாமணி குனிந்து அந்தக் கீறலை விரலால் தடவினார். பிறகு, "நீலம் தெரிஞ்சா எங்கண்ணன் வருவாருங்களா?" என்று கேட்டார்.

வருவார் என்றேன். அதுதான் ஒழுங்கு.

அப்புறம்தான் கதையைச் சொன்னார். அவருடைய அண்ணன் திருமூர்த்தி இந்த வண்டியை வாங்கி நீலம் அடித்தார். ஆறு வருஷம் ஓட்டினார். தங்கையை ஸ்டியரிங்கைத் தொடக்கூட விடவில்லை. ஒரு தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு நடந்து போயிருந்தபோது, வசந்தாமணி வண்டியைக் கொண்டுபோய்ச் சிவப்பு அடித்துவிட்டார். பழனியிலிருந்து திரும்பி வந்த அண்ணன் சிவப்பைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு நடுவே சுவர் வைத்தார். பத்தொன்பது வருஷம் ஆகிறது. அண்ணன் மகள் கல்யாணத்தின்போது சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மேளச் சத்தத்தைக் கேட்டதாகச் சொன்னார். அதைக் கேட்க எனக்கும் சங்கடமாக இருந்தது.

நீலம் மேலே இருந்த காலத்தில் சண்டையே கிடையாது என்பதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். சிவப்பு அடித்ததால்தானே சண்டை. ஆகவே நீலத்துக்கு வரும் அண்ணன் தங்கையோடு பேசுகிற அண்ணனாகத்தான் இருப்பார்.

"அப்ப நீலத்தோட நிறுத்திக்கலாமுங்களா?"

துரு நீலத்தோடு நிற்காதே என்றேன். அவர் தலையை ஆட்டினார். நீலத்துக்குக் கீழே போனால் கிடைத்த அண்ணன் மறுபடி போய்விடுவார் என்ற பயம் அப்போதே அவருக்கு வந்துவிட்டது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. தொழிலில் இப்படி ஒரு வண்டி எனக்கு அதுவரை வந்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் சிவப்பைச் சுரண்டி முடித்தேன். இருபதாவது நிமிஷம் திருமூர்த்தி மொபெட்டில் வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்த, நல்ல உயரமான ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் வந்தார்.

"சாப்ட்டியா அம்மிணி?"

வசந்தாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அண்ணன் அதைக் கவனிக்காமல், மகளுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற கவலையை ஆரம்பித்துவிட்டார். அந்த மகளுக்கு இப்போது இரண்டாவது படிக்கும் பையன் இருக்கிறான். ஆனாலும் அண்ணனும் தங்கையும் அன்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்காரர்கள் விவரமானவர்கள், எந்த வண்டிக்கு என்ன நிறம் என்று மட்டும் கேட்டுவிட்டுக் கொடுத்தார்களாம்.

மூன்று நாள் நான் நீலத்தைத் தொடவில்லை. வேறு வேலை இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன். இருவரும் தினமும் பட்டறைக்கு வந்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்டார்கள். நாலாம் நாள் காலையில் டிரைவர் சீட் மொத்தமும் தரையை உடைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டது. இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

மேலே தெரிகிற பூச்சுக்காரர் சம்மதிக்காமல் அந்தப் பூச்சைச் சுரண்டக் கூடாது. திருமூர்த்தியிடம் கேட்டேன். ஓட்டையோடு எப்படி வைத்துக்கொள்வது, சுரண்டுங்கள் என்று உடனே சொல்லிவிட்டார். கொஞ்சம் யோசித்துச் சொல்லக் கூடாதா என்று வசந்தாமணி கேட்டார். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார் அண்ணன். அவரைப் பொறுத்தவரை யோசிக்க எதுவும் இல்லைதான்.

நான் உப்புத்தாளை நனைத்து வேலையை ஆரம்பித்தேன். வசந்தாமணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். கடைசி நீலம் டிக்கி மூடியில் இருந்தது. அதையும் தேய்த்து எடுத்துவிட்டு, துணியால் துடைத்து, மெதுவாகத் திரும்பிப் பார்த்தேன்.

திருமூர்த்தி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு வண்டியைப் பார்த்தார்.

"யாரு வண்டிங்க இது? நல்லா இருக்குதே," என்றார். பிறகு தங்கையின் பக்கம் திரும்பி, வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாமா, காபி குடிக்க வேண்டும் என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. அண்ணனுக்கு இந்த வண்டியே தெரியாது. தெரியாத வண்டிக்காக யாரும் தங்கையோடு சண்டை போட முடியாது. இத்தனை எளிமையான கணக்கை நானும் போடவில்லை, அவரும் போடவில்லை. அப்பாடா என்று அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வசந்தாமணி அழுதுகொண்டே சிரித்தார், அண்ணன் ஏன் என்று கேட்டதற்குக் கண்ணில் பெயின்ட் தூசி என்றார்.

ஆனால் அவர்கள் காபி குடிக்கப் போக முடியவில்லை. வெள்ளைப் பூச்சுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளை அடித்தது ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை அழைப்புக்காக வண்டியை வைத்திருந்தார்கள். மேனேஜர் துரைக்கண்ணு நாதஸ்வரம், தவில் சகிதமாக வந்தார். கூடவே ரோஜா மாலையும் கோட்டும் போட்ட மாப்பிள்ளை. மாப்பிள்ளைக்கு அறுபது வயசுக்கு மேல் இருக்கும், மேல் வரிசையில் இரண்டு பல் இல்லை. முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது, வண்டியை இப்படிச் சுரண்டிப் போட்டால் நான் யாருக்குப் பதில் சொல்வது என்று துரைக்கண்ணு என்னைப் பிடித்துக்கொண்டார்.

சொந்தக்காரரின் வேலைதான் முதல் வேலை. சீட் இருந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு ஆணி அடித்தேன். மாப்பிள்ளையை மடித்து வைத்த துணிக் கூரையின்மேல் உட்காரவைத்தோம். அங்கே உட்கார்ந்தால் கால் ஓட்டைக்குள் போகாது. டிரைவர் வரவில்லை. யாராவது ஓட்டத் தெரிந்தவர்கள் உண்டா என்று துரைக்கண்ணு கேட்டார். வசந்தாமணி ஏறி உட்கார்ந்தார்.

பிள்ளையார் கோயில்வரை போய்த் திரும்பினோம். வெயில் அடித்தாலும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளை ஏற்றித்தான் வைத்திருந்தார்கள், மண்டபத்தோடு பேசிய பேச்சு அப்படி. திருமூர்த்தி ஒரு வெற்றிலைத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு டிரைவர் பக்கமாக நடந்து வந்தார். கோயில் முக்கில் ஒரு பஸ்ஸுக்கும் டீக்கடை பெஞ்சுக்கும் நடுவே வசந்தாமணி வண்டியை வளைத்துத் திருப்பியதைப் பார்த்துவிட்டு, "நல்லா ஓட்டற அம்மிணி," என்றார். வண்டி அவருடையதாக இருந்தபோது இந்த வார்த்தையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதன்பிறகு திரும்பி வரும்வரை வசந்தாமணி இரண்டாவது கியருக்குமேல் போகவே இல்லை.

மாப்பிள்ளையை மண்டபத்தில் இறக்கியதும் துரைக்கண்ணு தாராளமாகச் சம்மதம் கொடுத்தார். வெள்ளையையும் எடுத்தேன். வெள்ளரிப் பிஞ்சுப் பச்சை தெரிந்தது. அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று, யாரும் வரவில்லை. அப்போதே எங்களுக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் பதினொரு மணிக்கு ரினால்டோ வந்தார். எங்கள் ஊர் மில்லில் நூற்பு மெஷின் மாட்டுவதற்காக வந்த இத்தாலிக்காரர். வண்டியைக் கப்பலில் கொண்டுவந்ததும் அவர்தான். தமிழை மில் பிட்டர்களிடம் கற்றுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, வேலை முடிஞ்சுதுங்களா? எனக்கு நாளைக்குக் கொச்சியில கப்பலுங்க," என்றார்.

வண்டியை யாரிடம் விட்டுப் போவது என்பதுதான் அவருடைய கவலை. இந்த ஊரில் கூரை இல்லாத காரை யாரும் வாங்க மாட்டேன் என்கிறார்களாம், மழைக்கு ஒழுகும் வீட்டை யாராவது வாங்குவார்களா என்று கேட்கிறார்களாம். வசந்தாமணி எழுந்துபோய், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ரினால்டோ அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, திருமூர்த்திக்கும் ஒரு கும்பிடு போட்டார். சாவியைக் கொடுக்கப் பையில் தேடினார், கிடைக்கவில்லை. சாவி வசந்தாமணியின் கையில் இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்துவிட்டது. பச்சையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, கப்பலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார். ஒரு கவலையோடு வந்தவர் கவலை இல்லாமல் போவதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் கிடைக்கும் நல்ல சம்பாத்தியம்.

பச்சையை எடுத்ததும் வெறும் தகரம். வெறும் தகரத்துக்குச் சொந்தக்காரர் கிடையாது. எல்லாரும் பயப்படுகிற கட்டம் இதுதான். சொந்தக்காரர் இல்லாத வண்டி யார் கூப்பிட்டாலும் போய்விடும். கீரை விற்கிற அம்மா தெருவில் குரல் கொடுத்ததும் வண்டி வாசல்வரை உருண்டு போய்விட்டது. வேப்பமரத்தில் சங்கிலி போட்டுக் கட்டினேன். வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு காகம் மட்கார்டின்மேல் எச்சமிட்டது. அந்த அளவுக்கு வண்டி அதனுடையதாகிவிட்டது. காகம் இறங்கி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்துகொண்டது. ஈரத்துணியால் துடைத்ததும் மறுபேச்சில்லாமல் எழுந்து போனது. காகங்கள் இந்த விஷயத்தில் மனிதர்களைவிட நியாயமானவை.

தரைக்குப் புதுத் தகரம் வைத்தேன், பட்டி பார்த்தேன், ப்ரைமர் அடித்தேன். என்ன நிறம் வேண்டும் என்று கேட்டதற்கு, அது பிறந்த நிறமே இருக்கட்டும் என்றார் வசந்தாமணி. வெள்ளரிப் பிஞ்சுப் பச்சையைக் கலந்து எடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. நான் அடித்து முடிக்கிறவரை அவர் பக்கத்திலேயே நின்றார். அடிக்கச் சொன்னவர் நின்றால்தான் பூச்சு அவர் பேரில் பிடிக்கும். துணிக் கூரையை டவுன்ஹாலில் தார்ப்பாய் தைக்கிற ஒருவரிடம் கொடுத்துத் தைத்து வாங்கினேன். இந்த நாட்களில் திருமூர்த்தி தினமும் வந்து, தங்கைக்குக் காரெல்லாம் எதற்கு, பஸ் இருக்கிறதே என்று வெறுமனே கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

வண்டியை எடுக்கும் நாள் காலையில் நான் ஒரு தவறு செய்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. வண்டியைச் சுரண்டும்போது, கதவுக் கீலுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக, கடைசியாக அடித்த இரண்டு பூச்சுகளைக் கட்டை விரல் அகலத்துக்கு விட்டுவைப்போம். அதன்மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம், எல்லாம் முடிந்ததும் ஒட்டுத்தாளை உரித்துவிடுவோம். அடுத்து வருகிற பெயின்டருக்கு இந்த வண்டி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும், அதற்காக. இந்தப் பழக்கம் எனக்குக் கையிலேயே ஊறிப்போனது. சிவப்பைச் சுரண்டியபோதும் நீலத்தைச் சுரண்டியபோதும் என் கை தானாக அதைச் செய்திருக்கிறது. அன்று காலையில் ஒட்டுத்தாளை உரித்ததும் கைதான், எனக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. ஆனால் கை என்னுடையது.

பத்து மணிக்கு அண்ணனும் தங்கையும் சந்தோஷமாக வந்தார்கள். திருமூர்த்தி தங்கைக்காகக் கதவைத் திறந்துவிட்டார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கீலுக்குப் பக்கத்தில் கட்டை விரல் அகலத்துக்கு நீலம், அந்த நீலத்தின் பாதியை மூடிக்கொண்டு சிவப்பு. அவர் முகம் மாறியது. கதவை விட்டுவிட்டு வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தார்.

வசந்தாமணி என் பக்கம் திரும்பினார். நான் என்ன நடந்தது என்று சொன்னேன். என் தவறு, இரண்டு நிமிஷ வேலை, தேய்த்து எடுத்துவிடுகிறேன் என்று உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். அவர் என் கையைத் தடுத்தார். சண்டை எவ்வளவு பெரியது என்று கேட்டார். கட்டை விரல் அளவு என்றேன். அவர் அந்த இடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, வாசலுக்குப் போய் அண்ணனுக்குப் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. திருமூர்த்திதான் முதலில் பேசினார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

"கேக்காமப் பெயின்ட் அடிச்சுப் போட்டியே அம்மிணி."

"தப்புத்தானுங்கண்ணா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டீங்க."

திருமூர்த்தி தெருவைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். ஒரு லாரி போனது.

"ஆமா," என்றார். "குடுத்திருக்க மாட்டேன்."

அத்தோடு சண்டை முடிந்தது. மொத்தம் நாலு நிமிஷம். அந்த அளவுச் சண்டைக்கு அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். இத்தனை வருஷமும் அவர்கள் வண்டி முழுவதற்கும் சண்டை போட்டிருக்கிறார்கள், அதனால்தான் முடியவில்லை. நான் உப்புத்தாளோடு நின்றுகொண்டிருந்தேன். இப்போதாவது தேய்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாமுங்க, இருக்கட்டும்," என்றார் வசந்தாமணி. "அது எங்கண்ணனோட எடம்." சிவப்பை மட்டும் அவரே விரல் நகத்தால் சுரண்டி ஊதிவிட்டார்.

கூரையை மடித்து வைத்தேன். வசந்தாமணி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, அண்ணனைப் பக்கத்து சீட்டில் ஏறச் சொன்னார். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வண்டி தங்கையுடையது, தனக்கென்று இடம் இருக்கும்போது அடுத்தவர் இடத்தில் எதற்கு உட்கார வேண்டும் என்றார். செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கீலுக்குப் பக்கத்திலிருந்த அந்த நீலத்தில் கால் வைத்து ஏறி, அதிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எடம் பத்துதுங்களாண்ணா?" என்று கேட்டார் வசந்தாமணி.

"தாராளமா இருக்குது. இன்னும் ரெண்டு பேரு உக்காரலாம். நீ வண்டிய எடு."

நான் செருப்பை டிக்கியில் வைத்துவிட்டு, அவர் வேட்டி நுனி மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக் கதவைச் சாத்தினேன்.